'இந்த மாடலே இப்படித்தான்' என்று சர்வீஸ் சென்டர் சொன்னால்?

கேள்வி: புது கார் வாங்கி 7 மாதம் ஆகிறது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி உதறுகிறது. சில நாள் காலையில் கியர் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது. டீலரிடம் மூன்று முறை விட்டேன். 'ஒன்றுமில்லை, இந்த மாடலே இப்படித்தான்' என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வாரண்டி இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் ஒரே புகாராகச் சொல்வது உண்மையில் இரண்டு. உதறல் ஒன்று, விளக்கு இன்னொன்று. முதலில் இவற்றைப் பிரித்துவிடுங்கள். உதறலை 'வண்டியின் குணம்' என்று வாதாட இடமிருக்கிறது. எச்சரிக்கை விளக்கை அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. வண்டியின் கணினியே ஏதோ சரியில்லை என்று பதிவு செய்த பிறகு, ஒன்றுமில்லை என்பது பதிலே ஆகாது.

உதறலைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிளட்ச்களை மாறி மாறிப் பயன்படுத்தித் தானாக மாறும் இந்த வகை கியரில், குறிப்பாக எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் உள்ளவற்றில், வண்டி ஊரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் சூடேறும், லேசாக அதிரவும் செய்யும். ஆகவே கொஞ்சம் அதிர்வு இயல்புதான். எது கொஞ்சம் என்பதில்தான் சண்டை. அதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. அதே மாடல், அதே என்ஜின், அதே கியர், ஏறக்குறைய அதே தூரம் ஓடிய இன்னொரு வண்டியைக் கேளுங்கள். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருப்பதே போதும். சர்வீஸ் மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டையும் அடுத்தடுத்து ஒரே நெரிசலில் ஓட்டுங்கள். அந்த வண்டி உதறாவிட்டால் 'மாடலே இப்படித்தான்' என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அதுவும் அதே அளவு உதறினால், உங்கள் சக்தியை விளக்கின் பக்கம் திருப்புங்கள்.

உங்களுக்குச் சொன்னது போன்ற பதிலை இதற்கு முன்பும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டை கிளட்ச் கியர் உதறுகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈக்கோஸ்போர்ட் வாங்கியவர்கள் புகார் செய்தபோது, 'நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்' என்று சிலரிடம் சொல்லப்பட்டது. கியரில் பிரச்சினை இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்தது. 2018-இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் புகார்களைக் கையாண்ட அந்த முறையை மனசாட்சிக்கு விரோதமானது என்று அறிவித்து, 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உங்கள் வண்டியிலும் அதே கோளாறுதான் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் டீலர் உறுதியான குரலில் சொல்லிவிட்டார் என்பதற்காக உங்கள் காதையும் கையையும் சந்தேகிக்க வேண்டாம்.

டீலர் ஏன் அப்படிச் சொல்கிறார்? இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. வாரண்டியில் செய்யும் வேலைக்கு நீங்கள் பணம் தருவதில்லை. தயாரிப்பாளர் டீலருக்குத் தருகிறார். அதுவும் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று முன்பே வகுத்த கணக்கில். என்ன கோளாறு, எந்த எரர் கோடு (வண்டியின் கணினி பதிவு செய்யும் கோளாறு எண்), எப்படி உறுதி செய்தீர்கள் என்று டீலர் காட்ட வேண்டும். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கியும் பார்ப்பார்கள். காட்ட முடியாவிட்டால் அந்தச் செலவு டீலர் தலையில் விழும். அதனால் ஆதாரம் கையில் இல்லாத கோளாறைத் தொட அவர் தயங்குகிறார். கவுன்ட்டரில் குரலை உயர்த்துவதால் இந்தத் தயக்கம் போகாது. தயாரிப்பாளரிடம் அவர் காட்டுவதற்கான ஆதாரத்தை நீங்களே அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த ஆதாரம் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதும் தாளில், தொடங்குகிறது. சர்வீஸ் அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள்: 'ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்த முதல் பத்து நிமிடத்துக்குள், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது எச்சரிக்கை விளக்கு எரிகிறது.' ஒவ்வொரு முறையும் இதே வாசகம் இருக்கட்டும். ஒரு முறை 'ஜெர்க்', அடுத்த முறை 'சத்தம்', பிறகு 'பிக்கப் இல்லை' என்று எழுதினால், காகிதத்தில் அவை மூன்று வெவ்வேறு கோளாறுகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்தவை. ஒன்றும் செய்யாமல் திருப்பித் தந்தாலும் தேதி, கிலோமீட்டர், என்ன பார்த்தார்கள் என்ற விவரத்தோடு முடித்த ஜாப் கார்டின் நகல் கேளுங்கள். முந்தைய மூன்று முறைக்கும் இப்போதே கேட்டு வாங்குங்கள். பதிவு இல்லையென்றால், அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டு டீலருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

அடுத்து, கோளாறை அவர்கள் கண்ணில் காட்ட வேண்டும். குளிர்ந்த வண்டியில் மட்டும் வரும் கோளாறை, நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் சூடாக நிறுத்திய வண்டியில் தேடினால் கிடைக்காது. முந்தின மாலையே விட்டுவிட்டு, காலையில் நீங்கள் போன பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பக்கத்தில் உட்கார வேண்டியவர் அட்வைசர் அல்ல, டெக்னீஷியன். விளக்கு எரியும்போது கிலோமீட்டரும் சேர்ந்து தெரியும்படி வீடியோ எடுங்கள். எடுப்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பவராக இருக்கட்டும்.

விளக்கு அணைந்ததும் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எரர் கோடு பெரும்பாலும் வண்டிக் கணினியின் நினைவகத்தில் தங்கும். புகை வெளியேற்றம் சார்ந்த என்ஜின் கோளாறு என்றால், வண்டியின் கணினி தன்னையே சோதிப்பதற்கான ஓபிடி விதிப்படி, அது திரும்ப வராமல் சுமார் 40 முறை என்ஜின் சூடேறி ஆறிய பிறகே கோடு தானாக அழியும். கோடு பதிவான நொடியில் இருந்த வேகம், என்ஜின் சுழற்சி, வெப்பநிலை போன்றவையும் பல வண்டிகளில் கூடவே பதிவாகும். ஆகவே பேட்டரியைக் கழற்றாதீர்கள். வெளி மெக்கானிக்கிடம் கோடை அழிக்கச் சொல்லாதீர்கள். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். கியரின் கணினியைப் படிக்க டீலரின் கருவி வேண்டும். அந்த ஸ்கேன் அறிக்கையின் அச்சுப்படியைக் கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் சேசிஸ் எண்ணுக்கு ரீகால் (கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது), சாஃப்ட்வேர் அப்டேட், தயாரிப்பாளர் டீலர்களுக்கு அனுப்பும் டெக்னிக்கல் சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது நிலுவையில் உள்ளதா? அறிவிப்புகளை டீலர்கள் தாமாகச் சொல்வது குறைவு. அதனால் நீங்களே கேளுங்கள்.

இதற்குப் பிறகும் 'ஒன்றுமில்லை' என்றால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: தேதிகள், கிலோமீட்டர், ஒரே வாசகத்தில் கோளாறு, நகல்கள், வீடியோ. கேட்க வேண்டியதும் ஒன்றே: நிறுவனத்தின் டெக்னிக்கல் இன்ஜினியர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும். புகார் எண் இல்லாமல் விடாதீர்கள். பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்களில் ஒரே கோளாறுக்கு எத்தனை முறை பழுது பார்த்தார்கள், எத்தனை நாள் வண்டி பட்டறையில் நின்றது என்பவைதான் பணத்தையோ மாற்று வண்டியையோ பெற்றுத் தருகின்றன. இந்தக் காகிதங்கள் அங்கேயும் உதவும்.

சாக்குச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். சர்வீஸைக் குறித்த தேதியில் செய்யுங்கள். வயரை வெட்டி இணைக்கும் எந்த உபரிப் பொருளும் வேண்டாம். பிறகு எந்த மின்கோளாறு வந்தாலும் விரல் அங்கேதான் நீளும். ஓடும்போது வண்டி இழுவை இழந்தால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ செய்து அனுப்புங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

கடைசியாக கிளட்சையோ அதன் கட்டுப்பாட்டு யூனிட்டையோ மாற்றித் தர ஒப்புக்கொண்டால், புதுப் பாகத்துக்கு வாரண்டி எதுவரை என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வண்டியின் மூல வாரண்டி முடியும் நாளிலேயே அதுவும் முடிந்துவிடும். அந்த நாளுக்கு முன் அதே உதறல் திரும்ப வந்தால், சின்னதாக இருந்தாலும் உடனே ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள்.