அண்டி ஆபீஸ் முதல் ரப்பர் ஷீட் வரை: வாசகர் கேள்விகள்

எங்கள் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை. முந்திரிக்கொட்டை வரவில்லை என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் விளைச்சல் இல்லையா? (கருங்கல் வாசகி)

விளைச்சலுக்குக் குறைவில்லை அம்மா. ஐவரி கோஸ்ட், டான்சானியா, பெனின், கினி பிசாவு என்று பல நாடுகளில் விளைகிறது. ஒரு காலத்தில் அந்தக் கொட்டையை வாங்க இந்தியாவை விட்டால் பெரிய ஆள் கிடையாது. இப்போது வியட்நாம் முந்திக்கொள்கிறது. நீங்கள் கையால் உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கிற வேலையை அங்கே பெரும்பாலும் இயந்திரம் செய்துவிடுகிறது. செலவு குறைவதால் கொட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்க அவர்களால் முடிகிறது. போதாததற்கு ஐவரி கோஸ்டும் தன் கொட்டையைத் தானே பருப்பாக்க ஆலைகளுக்கு ஊக்கம் தருகிறது. அவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும்தானே, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இடையில் கூலியை இழப்பது நம் பெண்கள். இங்கும் இயந்திரம் வரட்டும்; அதை இயக்கும் பயிற்சியை முதலில் இவர்களுக்கே கொடுக்க வேண்டும்.

வியட்நாம் கம்யூனிஸ்ட் நாடாயிற்றே, வியாபாரத்தில் எப்படி முந்துகிறது? (மார்த்தாண்டம்)

ஆட்சி ஒரே கட்சியிடம்தான். 1986-இல் ‘தோய் மோய்’ (புதுப்பித்தல்) என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய பிறகு தனியார் தொழிலுக்கும் வெளிநாட்டு முதலீட்டுக்கும் கதவு திறந்தது. நிலம் மட்டும் இன்றும் தனியார் சொத்து கிடையாது.

அப்பா காலத்தில் முந்திரிப்பருப்பு ரஷ்யாவுக்குப் போனதாமே? (திருவட்டாறு)

உண்மைதான். சோவியத் அரசு நிறுவனங்களே மொத்தமாக வாங்கும். கணக்கு ரூபாயில், டாலர் தேவையில்லை. கையில் சேர்ந்த ரூபாயை இந்தியாவில்தான் செலவிட முடியும் என்பதால் தேயிலை, முந்திரி என்று நம் சரக்கையே வாங்கினார்கள். 1991 டிசம்பரில் அந்த நாடே கலைந்தது. அந்த ஏற்பாடும் குலைந்தது. இன்று அமீரகமும் ஜப்பானும் நம் பருப்புக்கு முக்கியச் சந்தைகள்.

தாய்லாந்து ரப்பர் வரியில்லாமல் வருகிறதா? (குலசேகரம்)

இல்லை. தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா செய்த ஆசியான் வர்த்தக ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது இயற்கை ரப்பரைச் சலுகைக்கு வெளியே வைத்தார்கள். வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. இங்கேதான் சிக்கல். கிலோ 200 ரூபாய் என்றால் அந்த 30 ரூபாய் வெறும் 15 சதவீதம். விலை ஏற ஏற வேலியின் உயரம் குறைகிறது. அப்புறம், ரசாயனம் கலந்த கலவை ரப்பராக வந்தால் பொது வரி 10 சதவீதமாக இருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் அந்தப் பொது வரியையும் இதே அளவுக்கு உயர்த்தினார்கள்; ஆசியான் நாடுகளுக்கான சலுகை வரி தனி.

ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர் பாலையும்) விற்பதற்கு முன் ரப்பர் வாரியம் வெளியிடும் கோட்டயம் விலையோடு பாங்காக் விலையையும் பாருங்கள். பாங்காக் விலை, வரி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்தும் கோட்டயத்தை விடக் குறைவாக இருந்தால், டயர் கம்பெனிகள் வெளியே வாங்கத் தயாராகின்றன என்று அர்த்தம்.