மூன்று மாதம் போதும் என்கிறார் மேனேஜர், எனக்கு ஆறு மாதம் வேண்டும்: எப்படிக் கேட்பது?

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். பிரிவில் மொத்தமே நான்கு பேர்தான். மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னதும் வாழ்த்திவிட்டு, "மூணு மாசம் எடுத்துக்கோங்க, எல்லாரும் அவ்வளவுதான் எடுக்கறாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். ஆறு மாதமாவது குழந்தையோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்டால் அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் வாழ்த்துகள். அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். விடுப்பு விண்ணப்பங்களை வாங்கி ஃபைல் போடும் ஹெச்.ஆர். நாற்காலியில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். முகத்துக்கு நேரே மறுக்கப்பட்டவர்களைவிட, வாய்வார்த்தையை நம்பிப் போனவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள். சொன்ன மேனேஜர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார், புதிதாக வந்தவர் "இங்கே ரெக்கார்டில் ஒன்றும் இல்லையே" என்பார், அவர் சொல்வதும் பொய்யாக இருக்காது.

நீங்கள் கேட்க நினைப்பதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரியுங்கள். ஒன்று, சட்டமும் உங்கள் நியமன ஒப்பந்தமும் ஏற்கெனவே கொடுத்திருக்கும் விடுப்பு. அதற்குப் பேரம் கிடையாது. உரிய நேரத்தில் எழுத்தில் அறிவித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். இன்னொன்று, அதற்கு மேல் உங்களுக்குத் தேவைப்படும் நாட்கள். பேச வேண்டியது இதைப் பற்றி மட்டும். இரண்டையும் ஒன்றாக்கி "சார், ஆறு மாசம் கிடைக்குமா?" என்று கேட்டீர்கள் என்றால், ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பதையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துக் கேட்கிறீர்கள். அவரும் அதில் பாதியைத் தந்துவிட்டு, பெரிய மனதோடு நடந்துகொண்டதாகவே நினைப்பார்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவான அளவுகோலிலிருந்து தொடங்குகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919லேயே மகப்பேற்றுக்கு 12 வார விடுப்பு என்று ஒரு உடன்படிக்கை போட்டது. 2000ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதைக் குறைந்தது 14 வாரம் ஆக்கியது, அதிலும் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் கட்டாய விடுப்பு. கூடவே வந்த பரிந்துரை 18 வாரம் என்கிறது. அதாவது உங்கள் மேனேஜர் சொல்லும் மூன்று மாதம், நூறு வருடத்துக்கு முந்தைய அளவைவிடச் சில நாட்கள்தான் கூடுதல். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இந்தியாவில் 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். மலேசியாவில் 2023 முதல் 98 நாள். சிங்கப்பூரில் குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் 16 வாரம். பிரிட்டனில் 52 வாரம் வரை போகலாம், ஆனால் சட்டப்படி பணம் வருவது 39 வாரத்துக்குத்தான். அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் என்பது போன்ற நிபந்தனைகளோடு. நீங்கள் இந்தியாவில் இருந்து, தகுதியும் இருந்தால், நீங்கள் ஆசைப்படும் ஆறு மாதம் ஏற்கெனவே உங்கள் உரிமை, மேனேஜர் தர வேண்டிய சலுகை அல்ல. தகுதி என்பது பெரும்பாலும் எவ்வளவு நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள், நிறுவனத்தில் எத்தனை பேர் என்ற இரண்டு கணக்குதான். ஆறு வருட அனுபவம் இருப்பதால் முதல் கணக்கில் உங்களுக்குச் சிக்கல் இருக்காது. நியமன ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் லீவு பாலிசியையும் வரிவரியாகப் படியுங்கள், சட்டம் சொல்வதைவிட அதில் கூடுதலாக எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்தது நாட்கணக்கு, பலர் கோட்டைவிடும் இடம் இது. விடுப்பு பிரசவ நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை, நீங்கள் வீட்டில் உட்காரும் நாளிலிருந்தே ஓடுகிறது. 26 வாரம் கிடைத்து, அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தால், குழந்தையோடு மிஞ்சுவது 18 வாரம், ஏறக்குறைய நான்கு மாதம். மூன்று மாதம் மட்டும் எடுத்து, அதில் ஒரு மாதம் முன்னால் போய்விட்டால் மிஞ்சுவது இரண்டே மாதம். சிசேரியன் தையல் ஆறி, இரத்தப்போக்கு நின்று, உடம்பு கொஞ்சம் நிமிரவே ஆறு வாரம் ஆகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆகவே ஆறு மாதம் என்று கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. டாக்டர் குறித்துக்கொடுத்த தேதியும் கல்வெட்டு இல்லை, இரண்டு வாரம் முன்னே பின்னே போகும். தேதி தள்ளிப்போனால் பின்னாலிருக்கும் நாட்கள் குறையுமா, குறையாதா என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இடம் கொடுத்தால், டாக்டரும் சரி என்றால், முன்விடுப்பைச் சுருக்கிப் பின்னால் சேர்த்துக்கொள்வதுதான் என் யோசனை. ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை என்று எதாவது இருந்தால் அந்த யோசனையை மறந்துவிடுங்கள், டாக்டர் சொல்வதுதான் முடிவு.

சட்டம் கொடுப்பது போக இன்னும் வேண்டும் என்றால், அந்த மிச்ச நாட்களை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் இருக்கிறது? சம்பளமில்லா விடுப்பு எத்தனை வாரம் தாங்கும்? கடைசி ஒரு மாதம் அரைநாள் வேலையோ வீட்டிலிருந்து வேலையோ செய்ய முடியுமா? சம்பளமில்லா விடுப்பு எடுப்பதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும்: அந்த நாட்களில் மருத்துவக் காப்பீடு ஓடுமா, ஓய்வூதியக் கணக்கில் நிறுவனத்தின் பங்கு விழுமா, பணிக்காலம் அறுபடாமல் கணக்கில் வருமா, இன்க்ரிமெண்ட் தேதி தள்ளிப்போகுமா. வீட்டுக்கடன் தவணை இருந்தால் அந்த மாதங்களுக்கான பணத்தை இப்போதிருந்தே ஒதுக்கத் தொடங்குங்கள். கையில் காசு இல்லாமல் பேச உட்கார்ந்தால் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுவோம், எத்தனையோ பேர் அப்படி இறங்கிவந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது பேச்சுக்கு வருவோம். போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். நீங்கள் இல்லாத மாதங்களில் உங்கள் வேலைகளில் எது எப்போது வருகிறது, யார் பார்க்க முடியும், எதற்கு வெளி ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இது சுலபம், மாத முடிவு, தணிக்கை, ஆண்டுக் கணக்கு முடிப்பு எல்லாம் தேதி தெரிந்தவைதானே. பெரும்பாலான மேனேஜர்கள் மறுப்பதற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல, நாலு பேரில் ஒருவர் போனால் தன் தலையில் என்ன விழும் என்ற பயம்தான். உங்கள் வேலையைப் பழக்க ஒருவருக்கு ஆறு வாரம் வேண்டும் என்றால், அந்த ஆறு வாரம் உங்கள் கடைசி வேலைநாளுக்கு முன்பே முடிய வேண்டும் என்பதைத் தாளில் காட்டுங்கள், தற்காலிக ஆளை எப்போது எடுக்க வேண்டும் என்பது அவருக்கே புரியும். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "சார், சட்டப்படியான விடுப்பை இந்தத் தேதியிலிருந்து எடுக்கிறேன். அதோடு இத்தனை வாரம் சேர்த்து, இந்தத் தேதியில் திரும்ப வருவதாகத் திட்டம். நடுவில் வேலை எப்படி ஓடும் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்." முதல் வாக்கியத்தில் கேள்விக்குறி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே உங்களுக்குத் தேவைப்படும் மொத்த நாட்களையும் கேளுங்கள். மூன்று மாதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் நீட்டிப்பு கேட்பது மிகவும் கஷ்டம். ஆறு மாதம் என்று எழுதிவிட்டு ஐந்தாவது மாதமே வருகிறேன் என்றால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே சேர்த்துக்கொள்வார்கள். "எல்லாரும் மூணு மாசம்தான் எடுத்தாங்க" என்றால், அவர்களோடு உங்களை ஒப்பிட்டு வாதம் செய்ய வேண்டாம். அவரவர் நிலைமை அவரவருக்கு, எனக்குப் பாலிசியில் இருப்பது இது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதவி உயர்வு பற்றிய பயம் நியாயமானது, அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. செய்யக்கூடியது இரண்டு. இந்த வருடம் நீங்கள் முடித்த வேலைகளை விடுப்புக்கு முன்பே எழுதிக்கொடுத்து, அப்ரைசலை, அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டை, முன்கூட்டியே முடித்துத் தரச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அதே பதவி, அல்லது அதற்கு இணையான பதவி, அதே சம்பளம் என்பதையும் மெயிலில் வாங்குங்கள். 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்வதும் இதைத்தான். கர்ப்பத்தைக் காரணமாக்கிப் பணிநீக்கம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அது முதலாளி தலையில்தான் வைக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். "இப்போ ராஜினாமா பண்ணிடுங்க, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் திரும்ப எடுத்துக்கறோம்" என்று யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா செய்த நிமிடமே விடுப்புச் சம்பளம், ஆறு வருடப் பணிக்காலம், திரும்பி வரும் உரிமை எல்லாம் கைவிட்டுப் போகலாம். அப்படி யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அநேகமாகத் தரமாட்டார்கள். அப்புறம் ஹெச்.ஆர்., அங்கும் நடக்கவில்லை என்றால் உங்கள் ஊர் தொழிலாளர் துறை அலுவலகம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: டாக்டரிடம் பிரசவ தேதி குறிப்பிட்ட சான்றிதழ் வாங்குங்கள். மேனேஜரிடம் பேசிய அன்றைக்கே, "இன்று பேசியபடி" என்று தொடங்கி, விடுப்பு தொடங்கும் தேதி, திரும்பும் தேதி, அவர் ஒப்புக்கொண்டது, இன்னும் முடிவாகாதது எல்லாவற்றையும் நாலு வரியில் மெயில் அனுப்பி, ஹெச்.ஆருக்கும் நகல் போடுங்கள். ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் புது மெயில் வேண்டாம், அதே மெயிலுக்குக் கீழேயே நினைவூட்டுங்கள். அந்த மெயிலின் ஒரு பிரதி உங்கள் சொந்த முகவரியிலும் இருக்கட்டும், விடுப்பில் இருக்கும்போது அலுவலக மெயில் திறக்காமல் போகலாம்.