ஓஸியின் 'பேஷன்ட் நம்பர் 9' அவருடைய தனி ஆல்பம்தானா?

கேள்வி: ஓஸி ஆஸ்பர்னின் 'பேஷன்ட் நம்பர் 9' ஆல்பத்தில் பாட்டுக்கு ஒரு பிரபலம் வந்து வாசித்திருக்கிறார். அவர் குரலும் கம்ப்யூட்டரில் இழைத்துப் பளபளப்பாக்கியதுபோல் இருக்கிறது. இதைத் தனி ஆல்பம் என்று சொல்வது நியாயமா?

நியாயம்தான். இந்த ஒரு வார்த்தையோடு போயிருப்பேன். ஆனால் இதே கேள்வியை இரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டுக் கூடத்தில், காபி டம்ளரும் கையுமாக என் சித்தப்பா கேட்டார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தப் பாக்கியை இங்கே தீர்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன். 1970-ல் பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் ஓஸி பாடியதைக் கேட்டுவிட்டு நேரே இந்த ஆல்பம் வந்த 2022-க்குக் குதித்திருப்பீர்கள். நடுவில் ஐம்பது வருடம் கிடக்கிறது. 1979-ல் சப்பாத்திலிருந்து அவரைத் துரத்தினார்கள். தனியாகத் தொடங்கி அடித்துப் பிடித்து மேலே வந்தபோது, கூட கிடார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் நாலு சக்கர பைக்கில் விழுந்து உடம்புக்குள் கம்பி வைத்தார்கள். 2019-ல் வீட்டிலேயே மறுபடி விழுந்ததில் அந்தக் கம்பிகளும் இடம் மாறிவிட்டன. பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020 ஜனவரியில் வெளியே சொன்னார். இதெல்லாம் ஆன பிறகு, 73 வயதில் வந்த ஆல்பம் அது. குரல் பழையபடி இருக்காது.

நான் ராக் பண்டிதன் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் வௌவால் தலையைக் கடித்தவருக்கு வக்காலத்தா என்று வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கதை தெரியும், அவர் செய்த எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பில்லை. பார்க்கின்சன் பற்றி மட்டும் எனக்குப் பேச உரிமை இருக்கிறது. என் அப்பாவுக்கு ஏழு வருடமாக இருக்கிறது.

அப்பா பாடகர். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. 1978-லிருந்து பதினைந்து வருடம் மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் மெல்லிசைக் குழுவில் பாடினார். பகலில் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு வேலை, ராத்திரி கச்சேரி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, சொந்தமாக மெட்டுப் போட்ட ஆறு பாட்டு அவரிடம் இருந்தது. மேடையில் அவற்றைக் கேட்க ஆள் கிடையாது. எங்களுக்கு மட்டும் மின்வெட்டு நேரத்தில் மொட்டை மாடியில் பாடிக் காட்டுவார்.

பார்க்கின்சன் என்றால் எல்லோரும் கை நடுக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். குரலையும் அது பிடிக்கும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், பேசுகிறவருக்கே அது தெரியாது. "நான் சரியாத்தானே பேசுறேன், உங்களுக்குத்தான் காது போச்சு" என்று அப்பா அம்மாவோடு சண்டை போடுவார். போனில் பதிவு செய்து போட்டுக் காட்டியபோதுதான் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு ராத்திரிதான் அந்த ஆறு பாட்டையும் எப்படியாவது எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எடுத்த கதையைச் சொன்னால்தான் உங்கள் கேள்வி விளங்கும். அப்பாவுக்குக் காலையில் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து உடம்பு இளகும். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் பாட முடியும். பருப்பு, முட்டை சாப்பிட்டுவிட்டால் அந்த மாத்திரை சரியாகப் பிடிக்காது என்பதால் இட்லியைக்கூடப் பாட்டு முடிந்த பிறகுதான் கொடுப்போம். ஸ்டுடியோக்காரரிடம் இதைச் சொன்னால், மணிக்கணக்கில்தான் வாடகை, நீங்கள் உட்கார்ந்து காத்திருந்தாலும் மீட்டர் ஓடும் என்றார். அதனால் வீட்டிலேயே எடுத்தோம். பீரோவைத் திறந்து வைத்து, அம்மாவின் புடவைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினேன். எதிரொலி குறைகிறது, நம்புங்கள்.

ஏன் ஸ்டுடியோவை விட்டேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட். மூன்றாவது மாடி. லிஃப்ட் பதினோரு மாதமாகப் படுத்திருந்தது. பொங்கலுக்கு வாசலில் அலங்கார வளைவு வைக்கப் பணம் இருந்தது, அதன் கீழே குத்துவிளக்கோடு நின்று போட்டோ எடுக்க ஆளும் இருந்தார்கள். ஒரு மோட்டார் மாற்றக் காசில்லையாம். பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் ஒன்றாம் தேதியே கேட்பார்கள். நடுக்குவாதம் வந்த மனிதரை மூன்று மாடி இறக்கி ஏற்றுவது என்ன என்று அந்தச் செயலாளர் ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும். சரி, விடுங்கள். எழுத ஆரம்பித்தால் இதற்கே தனிப் பதில் வேண்டும்.

பாடும்போது காதில் கிளிக் வைத்தேன், தாளம் பிசகாமல் இருக்க. "என்னடா இது, சுவத்துப் பல்லி மாதிரி டிக் டிக்னு" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். தபேலா இல்லாமல் அவரால் நிற்க முடியவில்லை. அப்புறம் தேடிப் பிடித்தேன், குழுவில் இருந்த தபேலாக்காரரை. திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். "அண்ணனுக்கா? இன்னிக்கே அனுப்பறேன்" என்றார். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார், தபேலா தகர டப்பா மாதிரி கேட்டது. டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று அவர் பேரனுக்குப் பாடம் எடுத்து நான்காவது முறை சரியாக வந்தது. அந்தத் தபேலாவைக் காதில் போட்டதும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குரல் அன்றைக்கு மற்ற நாளைவிட ஒரு பிடி மேலே நின்றது.

அதற்குப் பிறகு விஷயம் பரவி ஒவ்வொருவராக வந்தார்கள். பேஸ் கிடார்காரர், மாண்டலின்காரர், கோயம்புத்தூரில் செட்டிலாகிவிட்ட லேடி சிங்கர் அக்கா, இப்போது சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் அக்கார்டியன்காரர். ஆறு பாட்டுக்கு ஒன்பது பேர். அப்பாவின் வரிகளைப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்து, நன்றாக வந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டினேன். இரண்டு இடத்தில் சுருதியையும் திருத்தினேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினோம். சித்தப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் பிரமாதம். இதுல அண்ணன் எங்கேப்பா இருக்கார்?"

இப்போது உங்கள் ஆல்பத்துக்கு வருகிறேன். கிடாரில் ஜெஃப் பெக், எரிக் கிளாப்டன், மைக் மெக்ரெடி, ஸாக் வைல்ட், டிரம்ஸில் சாட் ஸ்மித்தும் டெய்லர் ஹாக்கின்ஸும் என்று பட்டியல் நீளம்தான். பட்டியலுக்காகவே சேர்த்ததுபோல் சில பாட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. கிளாப்டன் வாசித்த 'ஒன் ஆஃப் தோஸ் டேஸ்' எனக்குச் சுமார். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் மெருகைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறவர், அதுவும் சரி.

ஆனால் பிளாக் சப்பாத்தின் கிடார்காரர் டோனி அயோமியை விருந்தாளி என்று எப்படி எண்ணுகிறீர்கள்? இரண்டு பேரும் பர்மிங்ஹாம் ஆஸ்டன்காரர்கள், ஒரே பள்ளிக்கூடம். பதினேழு வயதில் தகரப் பட்டறையில், வேலையை விடுகிற கடைசி நாளில், அயோமிக்கு இரண்டு விரல் நுனி இயந்திரத்தில் போனது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தவர். அந்த வாசிப்பின் மேல்தான் ஓஸியின் குரலே உருவானது. இருந்தும் ஓஸியின் தனி ஆல்பம் ஒன்றில் அவர் வாசித்தது 2022-ல்தான், முதல் தடவையாக. அவர் வருகிற இரண்டு பாட்டையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒன்றான 'டிக்ரடேஷன் ரூல்ஸ்' கிராமி வாங்கியது, ஆல்பத்துக்கும் தனியாக ஒன்று கிடைத்தது. விருதை விடுங்கள். அதில் ஓஸியே மவுத் ஆர்கன் வாசிக்கிறார், முதல் சப்பாத் ஆல்பத்தில் வாசித்த மாதிரி. எங்கள் தபேலாக்காரர் வந்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்ததே, எனக்கு அதுதான் அங்கேயும் கேட்கிறது. கற்பனை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

டெய்லர் ஹாக்கின்ஸ் ஆல்பம் வெளிவருவதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே இறந்துவிட்டார். ஜெஃப் பெக் அடுத்த ஜனவரியில். ஓஸி 2025 ஜூலை 5-ஆம் தேதி, பிறந்த பேட்டையில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். சப்பாத்தின் பழைய நால்வரும் அன்றைக்கு ஒன்றாக இருந்தார்கள். பதினேழு நாளில் போய்விட்டார்.

அந்தச் செய்தி வந்த வாரம் அப்பாவுக்கு 'டிக்ரடேஷன் ரூல்ஸ்' போட்டுக் காட்டினேன். இந்தச் சத்தமெல்லாம் அவருக்கு ஆகாது, அது தெரிந்தேதான் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பாதிவரை கேட்டார். மவுத் ஆர்கன் யார் என்றார். பாடுகிறவரேதான், அவருக்கும் உங்கள் வியாதிதான் என்றேன்.

"அப்ப மாத்திரை பிடிச்ச நேரமாப் பாத்து எடுத்திருக்கான்டா" என்றார்.