பைக் சைடு பாக்ஸின் கொண்டி இறுகிப்போனால் என்ன செய்வது?

கேள்வி: அலுமினியம் சைடு பாக்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இடது பக்கப் பெட்டியின் கொண்டியை மூட இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. சாவியும் சிக்குகிறது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடுமா, லாக்கையே மாற்ற வேண்டுமா?

எண்ணெய் விடாதீர்கள். லாக்கையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

முதலில் பெட்டியைக் காலி செய்யுங்கள். பிறகு கொண்டியை மெதுவாக, அவசரமே இல்லாமல் மூடிப் பாருங்கள். எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது? தொடக்கத்திலா, நடுவிலா, கடைசியிலா? வைத்தியம் அதைப் பொறுத்தது. இதைப் பார்க்காமலே ஸ்பிரே அடிப்பவர்களும், முழங்காலால் மூடியை அமுக்கி மூடுபவர்களும்தான் கடைசியில் புது லாக்குக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பது எவர்சில்வர் டிபன் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்குமே, அந்த வகைக் கிளிப்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு கைப்பிடி, அதில் கோத்த ஒரு வளையம், எதிரே மூடியில் ஒரு கொக்கி. கைப்பிடியின் ஆணி, வளையத்தின் ஆணி, கொக்கி மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது இழுவை உச்சத்தில் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் அதே இழுவையே கைப்பிடியைப் பெட்டியோடு சேர்த்து அமுக்கி 'டக்'கென்று உட்கார வைத்துவிடும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கொண்டி தானாகத் திறக்காததற்குக் காரணம் இதுதான். ஆக, நடுவழியில் ஒரு இறுக்கம் இருக்கத்தான் வேண்டும். அது சுத்தமாக இல்லையென்றால்தான் நான் கவலைப்படுவேன்.

கைப்பிடி அசையத் தொடங்கும்போதே கனமாக இருந்தால், ஆணி மாட்டியிருக்கும் மூட்டில் மண் ஏறியிருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத்தண்ணீர், பழைய டூத் பிரஷ், பத்து நிமிடம். நன்றாகக் காய்ந்த பிறகு மூட்டில் மட்டும் ஒரு சொட்டு சிலிக்கான் ஸ்பிரே. முடிந்தது.

நடுவில் அந்த இயல்பான அளவைத் தாண்டி இறுகினால் மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். புதுப் பீடிங் விறைப்பாகத்தான் இருக்கும், சில வாரங்கள் மூடியே வைத்திருந்தால் படிந்துவிடும். உங்களுடையது எட்டு மாதம் ஓடியது என்பதால் வேறு சந்தேகம் வருகிறது. வாட்டர் வாஷ் விடும்போது வண்டிக்கு டீசல் அடிக்கச் சொல்கிறீர்களா? நம் ஊரில் பல இடங்களில் கேட்காமலேயே அடித்துவிடுகிறார்கள். டீசல் பட்ட ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, பள்ளத்தைவிட்டு மேலே எழும்பி நிற்கும். அப்புறம் எந்தக் கொண்டியாலும் மூடியை இறக்க முடியாது. கிரீஸும் என்ஜின் ஆயிலும் செய்வதும் அதேதான். பீடிங்குக்குச் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். அது இல்லையென்றால் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவுங்கள், ஒட்டாமல் இருக்கும். உப்பிப்போன பீடிங் பழைய நிலைக்கு வராது, மாற்றிவிடுங்கள்.

கடைசியில், கைப்பிடி பெட்டியோடு படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால், கொக்கியும் வளையமும் நேருக்கு நேர் இல்லை என்று அர்த்தம். இடது பக்கம் மட்டும் என்கிறீர்களே, வண்டி என்றாவது அந்தப் பக்கம் சாய்ந்ததா? நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும் போதும், பெட்டியின் மேல் விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் பெட்டி கோணியிருக்கிறது. உள்பக்கம் மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நிமிர்த்தலாம். கொக்கி ஸ்க்ரூவில் நிற்பதாக இருந்தால் அதைத் தளர்த்தி, மூடியைச் சரியாக உட்கார வைத்து, மறுபடி முடுக்குங்கள். ரிவெட் அடித்ததாக இருந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

காலிப் பெட்டியில் நடுவழியின் அந்த இயல்பான இறுக்கத்தைத் தவிர வேறு எங்குமே முரண்டு இல்லையா? அப்படியானால் கொண்டியைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே மழைக்கோட்டு மூடியை முட்டுகிறது.

இனி சாவி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் மனைவியோடு மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போனேன். கிளம்புவதற்கு முதல் நாள் சாவி சிக்கியது. கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயை லாக்குக்குள் நாலு சொட்டு விட்டேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. மறுநாள் விடியற்காலையில், மலை மேல், சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. மனைவி வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரை பெட்டிக்குள் இருந்தது. அழுத்தித் திருப்பினேன். சாவியின் கழுத்து லேசாக முறுக்கிக்கொண்டதை விரலிலேயே உணர்ந்தேன். இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் பாதி உள்ளேயும் பாதி கையிலும் நின்றிருக்கும்.

பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்கள். "என்ன தம்பி, தொறக்கலையா? உள்ள என்ன எண்ண விட்டீங்க?"

"தேங்கா எண்ணதாம்மா."

"அய்ய, இங்க பாட்டில்லயே கட்டியாக் கெடக்கு. பூட்டுக்குள்ள மட்டும் தண்ணியாவா இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். அன்றைய காலைக் குளிர் அதைவிட எவ்வளவோ கீழே. அந்த அம்மா ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு துண்டுத் துணியும் கொடுத்தார்கள். துணியை நனைத்துப் பிழிந்து லாக்கின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். ஆற ஆற மறுபடி நனைத்தேன். மூன்றாவது முறை வைத்து எடுத்ததும் சாவித் துவாரத்தின் ஓரத்தில் எண்ணெய் பளபளவென்று கசிந்தது. சாவி திரும்பியது. மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீரையும் அவர்களே கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

உறைவது போகட்டும், எண்ணெய் எதுவானாலும் லாக்குக்குள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பெட்டி லாக்குகளுக்குள் இருப்பது ஸ்பிரிங் வைத்த மெல்லிய உலோகத் தகடுகள். சரியான சாவி போனால் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து சிலிண்டர் திரும்பும். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்த சேற்றில் ஒரு தகடு மேலேயே நின்றுவிட்டாலும் போச்சு. உள்ளே வேண்டியது உலர்ந்த கிராஃபைட் தூள், பென்சில் கரியில் இருக்கும் அதே பொருள். கடையில் கிடைக்காவிட்டால் படம் வரையும் 4பி, 6பி பென்சில் வாங்கி, சாவியின் இரண்டு பக்கமும் வெட்டுகளிலும் கருப்பாகத் தேய்த்து, இருபது முப்பது தடவை விட்டு விட்டு எடுங்கள். வெளியே வரும் அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி தேயுங்கள்.

டபிள்யூடி 40 ஸ்பிரே அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்காவில் 1953-ல் உலோகத்தைத் துரு பிடிக்காமல் காக்க, நீரை விரட்டுவதற்கென்றே உருவாக்கியது அது. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் கலவை கைகூடியதைக் குறிக்கிறது. ஏற்கெனவே எண்ணெய் விட்டுக் கெட்டுப்போன லாக்கைக் கழுவி எடுக்க அது அருமையானது. நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அடித்து, ஒழுகவிட்டு, இரண்டு நாள் காயவிட்ட பிறகுதான் பென்சில். ஈரத்தில் கிராஃபைட் விட்டால் கருப்புக் களிம்பாகிவிடும்.

தினப்படிக்கு ஒரு பழக்கம்: ஒரு உள்ளங்கையால் மூடியைக் கீழே அழுத்திக்கொண்டே மறுகையால் சாவியைத் திருப்புங்கள். பீடிங் மேலே தள்ளும் பாரம் தாழ்நாக்கிலிருந்து விலகும், சாவி தானாகத் திரும்பும். பாதிப் பேருடைய பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடுகிறது. என் மனைவியால் திறக்க முடியாத டாப் பாக்ஸ் இப்படித்தான் திறந்தது.

கடற்கரைக்கு ஓட்டுபவராக இருந்தால் இன்னொன்று. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு தனுஷ்கோடிக்குப் போகாத பைக் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் கடல். காற்றே உப்பு. அலுமினியத் தகடும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளைப் பொடியாகப் பூத்து, அந்தப் பொடி அடைத்துக்கொண்டு கொண்டியைப் பிடித்துவிடும். திரும்பி வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாளியும் மக்கும் போதும். பிரஷர் பைப்பை லாக்குக்கு நேரே காட்டவே கூடாது, மண்ணைச் சிலிண்டருக்குள் அதுவே ஏற்றிவிடும். பொடி ஏற்கெனவே பூத்திருந்தால் வினிகரில் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, உடனே கழுவித் துடையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் சாவி சிக்கினால் சாவியையே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறுக்கியிருந்தால் நிமிர்த்தி ஓட்டாதீர்கள், நிமிர்த்திய இடத்தில்தான் உடையும். வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி வீட்டில் புதிதாகக் கிடக்கும். டூப்ளிகேட் போட அதைக் கொண்டுபோங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அதே தேய்மானத்தோடுதான் புதுச் சாவியும் வரும்.