சிரப்பில் எத்தனை மில்லி? வாசகர் கேள்விகள்

மழை பிடித்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் காய்ச்சல் சிரப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்கள் எங்கள் குழந்தைநல மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து எழுதியவை.

என் மகளுக்கு ரெண்டு வயசு, எடை 11 கிலோ. காய்ச்சல் என்று போனால் மருந்துக்கடையில் இபுபுரூஃபன் சிரப் தந்து ‘ஒரு மூடி கொடுங்க’ என்கிறார்கள். மாமியார் அரை மூடி போதும் என்கிறார். எது சரி?
– வாசகி, குலசேகரம்

‘ஒரு மூடி’ என்று ஓர் அளவே கிடையாது. மூடியில் 2.5, 5, 10 மி.லி. என்று கோடுகள் இருக்கும். விளிம்பு வரை ஊற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

முதலில் லேபிளைப் படியுங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் இபுபுரூஃபன் சிரப்பில் 5 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து, அதாவது ஒரு மில்லியில் 20 மி.கி. ஒரு வேளைக்குக் கொடுக்கக்கூடியது எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. வரை. உங்கள் மகளுக்கு 55 முதல் 110 மி.கி. வரும். மில்லியில் சொன்னால் ஏறக்குறைய 2.75 முதல் 5.5 வரை. ஆக மாமியார் சொன்ன அளவும் கடைக்காரர் சொன்ன அளவும் இந்த எல்லைக்குள் விழலாம், விழாமலும் போகலாம். அந்த மூடி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது அது. நடைமுறையில் 5 மி.லி. சரியாக இருக்கும். இரண்டு வேளைக்கு நடுவில் 6 முதல் 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஆனால் மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு, எலிக்காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகே இபுபுரூஃபன்; காரணம் கீழே அருமனை வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

வயதை வைத்து அளவு சொல்வது வசதிதான். ஆனால் ஒரே இரண்டு வயதில் 9 கிலோ பிள்ளையும் உண்டு, 14 கிலோ பிள்ளையும் உண்டு. அங்கன்வாடியில் எடை போட்டு மாதாமாதம் எழுதித் தருகிறார்களே, அந்தக் கணக்குப் போதும். இல்லாவிட்டால் நீங்கள் தனியாக ஒரு தடவை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை எடைமேடையில் நின்று கழித்துப் பாருங்கள்.

அளப்பதற்குச் சமையலறை ஸ்பூனை எடுக்காதீர்கள். ஒரு ஸ்பூன் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 8 பிடிக்கும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கன்னத்தின் உள்பக்கம் நுனியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். பால் பாட்டிலில் கலக்க வேண்டாம். பிள்ளை பாதிப் பாலை மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. வெறும் வயிற்றைத் தவிர்த்து, கொஞ்சம் பாலோ கஞ்சியோ குடித்த பிறகு கொடுத்தால் வயிறு எரியாது.

அளவு சரியாக இருந்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். பாட்டிலை ஆட்டாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இது சஸ்பென்ஷன். மருந்துத் தூள் திரவத்தில் கரைவதில்லை, மிதக்கிறது. வைத்த இடத்தில் நின்றால் அடியில் படியும். ஆட்டாமல் ஊற்றினால் மேலே உள்ள முதல் வேளைகளில் மருந்து குறைவு, பாட்டில் தீரும் சமயத்தில் அதிகம். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, உடனே அளந்து எடுங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் இபுபுரூஃபன் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் தொட்டாலே சிரப்பைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

என் கணவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த குழந்தை சிரப் இருக்கிறது. இங்கே வாங்கியது தீர்ந்துபோய்விட்டது. அதே அளவில் கொடுக்கலாமா?
– வாசகி, குளச்சல்

பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெளிநாடுகளில் 5 மி.லி.யில் 200 மி.கி. இபுபுரூஃபன் உள்ள சிரப் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து சிலவற்றில் 1.25 மி.லி.யிலேயே 50 மி.கி. இருக்கும். அதுவும் நம்மூர் சிரப்பைப் போல இரண்டு மடங்கு. பழைய அளவில் ஊற்றினால் இரண்டு வேளை மருந்தை ஒரே வேளையில் கொடுத்ததாகிவிடும். லேபிளில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று பார்த்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். எழுத்து புரியாத லேபிள் என்றால் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். அவருக்கும் புரியவில்லையா, வேண்டாம்.

பாராசிட்டமாலிலும் இதே குழப்பம் நம் கடைகளிலேயே இருக்கிறது. சிரப் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.யிலும் வருகிறது, 250 மி.கி.யிலும் வருகிறது. சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மி.கி. அட்டைப்பெட்டியின் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு வாங்கப் போகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாராசிட்டமால் கொடுத்து ரெண்டு மணி நேரத்தில் மறுபடியும் சுடுகிறது. நடுவில் இபுபுரூஃபன் கொடுத்து மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று தங்கச்சி சொல்கிறாள். சளிக்கு வேறு சிரப்பும் போகிறது.
– வாசகி, திங்கள்சந்தை

உங்கள் கேள்வியில் ஆபத்து கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்குரிய பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. வீதம், 150 மி.கி. இப்போது 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி. கொடுத்தாயிற்று, அளவு முடிந்தது. பிறகு ‘இபுபுரூஃபன்’ என்று நினைத்துக் கொடுப்பது கூட்டு மருந்தாக இருந்தால், அதன் 5 மி.லி.யில் இபுபுரூஃபனோடு 162.5 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கும். சளி-காய்ச்சல் சிரப்பிலும் அநேகமாக 125 மி.கி. பாராசிட்டமால் உண்டு. கூட்டினால் 437.5 மி.கி. பாட்டில் மூன்று, மருந்து ஒன்று, அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இப்படி இரண்டு நாள் போனால் கல்லீரல் தாங்காது.

அதனால் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். முதல் தேர்வு பாராசிட்டமால். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அடுத்த வேளைக்கு முன்பே பிள்ளை வலியிலும் சோர்விலும் துவண்டால், மாற்றி மாற்றிக் கொடுப்பதை மருத்துவர் எழுதித் தரட்டும். அப்போதும் நேரத்தையும் மருந்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று கை மாறும் வீடுகளில்தான் இரட்டை வேளை நடக்கிறது.

தெர்மாமீட்டரில் எண் ஏறியதற்காக மட்டும் மருந்து தேவையில்லை. 101 இருந்தும் விளையாடுகிற பிள்ளையை விட்டுவிடுங்கள், தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஊற்றாதீர்கள். சீக்கிரம் சீக்கிரமாகச் சிரப் கொடுத்தால் ஜன்னி வராது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. காய்ச்சல் மருந்து வலிப்பைத் தடுப்பதில்லை.

சளி சிரப் பற்றி இன்னொன்று: குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்துகளை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் பாட்டிலில் அந்தப் பெயர்கள் இருக்கிறதா பாருங்கள்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ரெண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பு அடித்துப் போட்டது போல வலி. பாராசிட்டமால் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் மெஃபனமிக் சிரப் கொடுத்தால் உடனே இறங்கும் என்கிறார்கள்.
– வாசகர், அருமனை

இறங்கும். அதனால்தான் இந்தக் கேள்வி கவலை தருகிறது.

உங்கள் பகுதியில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டையும் ஒதுக்கிவைக்கும் வரை இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். இந்த வகை மருந்துகள் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன, இரைப்பையின் உள்சவ்வைப் பாதுகாக்கும் பொருளையும் குறைக்கின்றன. டெங்குவில் ஏற்கெனவே தட்டணு இறங்கும், இரத்தக் குழாய் கசியும். அதன்மேல் இதுவும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிய வழி திறக்கிறது. எலிக்காய்ச்சலில் அடிபடுவது சிறுநீரகம். சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த ஓட்டத்தை இந்த மருந்துகள் இன்னும் சுருக்கிவிடும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் பாதிப்பு சீக்கிரமே தெரியும்.

அப்பாவுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. மாத்திரை, 6 மணி நேர இடைவெளியில். நாளுக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதற்கும் குறைவு, மருத்துவர் சொல்லட்டும். கஞ்சித்தண்ணீர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் தாராளமாகக் கொடுங்கள். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தோட்டத்தில் வேலை, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இவற்றை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் தொடங்கினால் பலன் அதிகம்.

டெங்குவில் ஏமாற்றும் நேரம் காய்ச்சல் இறங்கும் நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே சூடு தணிந்து, வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கறுத்த மலம், சிறுநீர் குறைவு, மயக்கச் சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 108-ஐக் கூப்பிடலாம். மழையில் வெட்டு நிற்கும் நாட்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவும் சொல்லுங்கள். அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு கொசு பெருகுகிறது.

மெஃபனமிக் ஆசிட் பற்றித் தனியாகவும் ஒரு செய்தி. அரிதாக இந்த மருந்து, தோல் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதலோடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய பார்மகோபியா கமிஷன் 2023 இறுதியில் எச்சரித்தது. மருந்து எடுத்து இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட அது வரலாம் என்பதால், பழைய சிரப்பின் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிமசுலைடு சிரப் யார் வீட்டிலாவது மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது 2011-லேயே தடை செய்யப்பட்டது.

அம்மாச்சிக்கு 72 வயது, முட்டுவலி. மாத்திரை விழுங்க முடியவில்லை. பிள்ளைகளின் இபுபுரூஃபன் சிரப்பைக் கொடுக்கலாமா? பிரஷர் மாத்திரையும் நீர் போகிற மாத்திரையும் சாப்பிடுகிறார்.
– வாசகி, இரணியல்

வேண்டாம். பெரியவர்களுக்கான 400 மி.கி.க்கு 20 மி.லி. சிரப் ஊற்ற வேண்டும், அதில் சர்க்கரையும் சேர்ந்து போகும். அதைவிட முக்கியம், சிலவகை பிரஷர் மாத்திரையும் நீர் போகிற மாத்திரையும் இந்த மருந்தும் மூன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம், பிரஷரும் ஏறும். முட்டியில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் உடம்புக்குள் குறைவாகவே போகும். அதைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று வயதுப் பையன், 12 கிலோ, காய்ச்சல் சிரப்பை எடுத்துக் குடித்துவிட்டான். வாந்தி எடுக்க வைக்கவா?
– வாசகர், கருங்கல்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீரும் வேண்டாம். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, பாட்டிலோடு கிளம்புங்கள். 60 மி.லி. இபுபுரூஃபன் சிரப் முழுவதும் போயிருந்தால் 1,200 மி.கி., கிலோவுக்கு 100. அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு நிற்கும். அதே அளவு பாட்டில் 250 மி.கி. பாராசிட்டமாலாக இருந்தால் 3,000 மி.கி., கிலோவுக்கு 250. இது கல்லீரலைக் கெடுக்கும் அளவு. முதல் நாள் பையன் நன்றாக ஓடியாடுவான், அதைப் பார்த்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. பாராசிட்டமால் நஞ்சை முறிக்கும் மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம்.

சின்னச் சின்னக் கேள்விகள்

சின்னம்மை போட்ட பிள்ளைக்கு இபுபுரூஃபன்? வேண்டாம், கொப்புளத்தில் கடுமையான கிருமித்தொற்று சேரும் அபாயத்தோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பாராசிட்டமால் போதும். (மார்த்தாண்டம்)

வயிற்றுப்போக்கோடு காய்ச்சல்? அப்போதும் பாராசிட்டமால்தான். நீர் வற்றிய உடம்பில் இபுபுரூஃபன் சிறுநீரகத்தைத் தொடும். (முட்டம்)

ஆஸ்துமா? முன்பு இபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ எடுத்து இழுப்பு வந்திருந்தால் மறுபடி தொடக்கூடாது. (தக்கலை)

ஆறு மாதக் கர்ப்பத்தில் இபுபுரூஃபன்? இருபதாவது வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் கூடாது. சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீரும் குறையலாம். (நாகர்கோவில்)

கொடுத்ததும் கக்கிவிட்டால்? அரை மணி நேரத்துக்குள் என்றால் அதே அளவை ஒரு தடவை மறுபடி கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளை வரை காத்திருங்கள். (பூதப்பாண்டி)

போன வருடம் திறந்த பாட்டில்? காலாவதித் தேதி மீதம் இருந்தாலும் வேண்டாம். அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்த நாளைப் பேனாவால் லேபிளில் எழுதி வையுங்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியும் ஜன்னல் வெயிலும் ஆகாது. (மணவாளக்குறிச்சி)