பூமியின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் சமனாகும் இடத்தில் காலம் எப்படி ஓடும்?

பூமிக்கும் நிலவுக்கும் இடையே இரண்டின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும் புள்ளி ஒன்று இருப்பதால், அங்கு வைத்த கடிகாரம் ஈர்ப்பே இல்லாத வெட்டவெளியில் ஓடுவது போலவே ஓட வேண்டும் என்பது கேட்டவரின் ஊகம். அப்படி ஓடாது. "ஈர்ப்பு வலுத்தால் காலம் மெதுவாகும்" என்று பாடங்களில் சுருக்கிச் சொல்வதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பேன்.

கடிகாரத்தின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது இழுவிசை அன்று. ஈர்ப்பு நிலையாற்றல், அதாவது அவ்விடத்திலிருந்து ஒரு கிலோகிராம் பொருளை எந்த ஈர்ப்பும் எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்னும் கணக்கு. அந்த ஆற்றல் கூடக்கூட, அதாவது அவ்விடம் ஈர்ப்புப் பள்ளத்தில் தாழத் தாழ, கடிகாரம் மெதுவாகும். விசைக்குத் திசை உண்டு. எதிரெதிரே இழுத்தால் கழிந்துவிடும். நிலையாற்றலுக்குத் திசை இல்லாததால் பூமி, நிலவு இரண்டின் பங்கும் கூடிக்கொண்டுதான் போகும். அருகருகே வெட்டிய இரண்டு பள்ளங்களின் சரிவுகள் சந்திக்கும் மேடு, அதன் உச்சியில் சரிவே இல்லாவிட்டாலும், சுற்றியுள்ள தரைமட்டத்தைவிடத் தாழ்ந்துதான் இருக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பூமியின் நிறை நிலவைப் போல் ஏறக்குறைய 81 மடங்கு என்பதால், அந்தச் சமன்புள்ளி பூமியின் மையத்திலிருந்து சுமார் 3,46,000 கிலோமீட்டர் தொலைவில், நிலவை ஒட்டியே விழுகிறது. வெகுதொலைவில் உள்ள கடிகாரத்தைவிட நம் தரையில் இருக்கும் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 60 மைக்ரோவினாடி பின்தங்குகிறது. சமன்புள்ளியில் இருப்பதோ சுமார் 1.2 மைக்ரோவினாடிதான் பின்தங்கும். சிறிய எண்தான், ஆனால் சுழியம் அன்று. (கடிகாரங்களின் இயக்கத்தால் வரும் விளைவையும், பூமிக்கும் நிலவுக்கும் ஏறத்தாழப் பொதுவான சூரியனின் பங்கையும் இதில் சேர்க்கவில்லை.)

இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கோபுரம் ஒன்றில் செய்து காட்டிய சோதனையும் இதையே சொல்கிறது. அதன் 22.5 மீட்டர் உயரத்தில் மேலும் கீழும் இழுவிசை லட்சத்தில் ஒரு பங்குகூட மாறுவதில்லை. இருந்தும், கடிகாரத் துடிப்பைப் போன்ற காமாக் கதிர்களின் அதிர்வெண்ணில், உயர வேறுபாட்டுக்கு ஏற்ற மாற்றம் அளவிடப்பட்டது.

இன்னும் துலக்கமான எடுத்துக்காட்டு பூமியின் மையம். அங்கு எல்லாத் திசை இழுப்பும் கழிந்து விசை சுழியமாகிறது, ஆனால் நிலையாற்றலில் பூமிக்குள் அதைவிடத் தாழ்ந்த இடம் கிடையாது. பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்று கொண்டால் அது தோன்றியதிலிருந்து இன்றுவரை மையம் மேற்பரப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருக்கும். உள்ளகத்தின் உண்மையான அடர்த்தியைச் சேர்த்துக்கொண்டால் அது சுமார் இரண்டரை ஆண்டு ஆகிறது.