வண்டிக்குக் காற்று பற்றவில்லையா? – வாசகர் கேள்வி பதில்

ஆடிக் காற்று ஆரம்பித்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஏர் ஃபில்டர் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

அண்ணாச்சி, வணக்கம். என்னிடம் 150 சிசி கார்புரேட்டர் பைக், 2015 மாடல். ராதாபுரம் பக்கம் கல் குவாரியில் வேலை, தினமும் போய் வருகிறேன். கொஞ்ச நாளாக டாப் கியரில் இழுவையே இல்லை. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் வாயிலேயே ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டு, பிக்கப் எகிறும், சத்தமும் கும்மென்று இருக்கும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். மாட்டலாமா?
– வாசகர், வள்ளியூர்

மாட்டாதீங்க தம்பி. குவாரி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் ஒருநாளும் அதைச் சொல்ல மாட்டேன்.

முதலில் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. "கொஞ்ச நாளாக" இழுவை இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முன்பு இருந்தது, இதே டப்பாவோடு, இதே குழாயோடு. இடையில் என்ன மாறியது என்று பார்க்காமல் புதுச் சாமான் வாங்கி மாட்டுவதில் பிரயோஜனம் இல்லை. டப்பாவைத் திறந்து ஃபில்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள், குவாரிப் பொடி அப்பிப் போய்க் கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிளக்கையும் கழற்றுங்கள். நுனி கரியாக இருந்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிவிட்டது என்று அர்த்தம், ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. டப்பாவிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாய், அதற்கப்புறம் கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர், இரண்டிலும் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருட ரப்பர் வெயிலில் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, கூம்பு ஃபில்டர் ஏன் வேண்டாம்? உங்கள் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3000 மூச்சு, மூச்சுக்கு 150 சிசி, ஆக 450 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொண்டாலும் நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் முப்பது குடத்துக்குப் பக்கம் வருகிறது, ஒரே நிமிடத்தில்! அத்தனை காற்றோடும் கல் பொடி வருகிறது. கல் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பை விடக் கடினமானது. அது சிலிண்டருக்குள் போய் ஆயிலோடு சேர்ந்தால், வால்வு உரசுவதற்கு நாங்கள் பூசுகிற பேஸ்ட் மாதிரி ஆகி பிஸ்டன் ரிங்கையும் போரையும், அதாவது சிலிண்டரின் உட்சுவரையும், தின்ன ஆரம்பிக்கும். பணகுடிப் பக்கம் செங்கல் சூளைக்கு ஓடிய ஒரு பைக் இப்படித்தான் கூம்பு மாட்டி என் பட்டறைக்கு வந்தது. கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் சுவர் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு, ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை. இழுவைக்காக மாட்டியது, கடைசியில் இருந்த இழுவையும் போனது. அந்தப் பையன் முகத்தை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை, மறுபடி போர் அடித்து பிஸ்டன் மாற்ற ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

இன்னொன்று, அந்த டப்பா வெறும் மூடி இல்லை. இஞ்சின் காற்றைச் சீராக இழுப்பதில்லை, விட்டு விட்டு இழுக்கிறது. பக்கத்திலேயே அமைதியாக நிற்கிற காற்று கொஞ்சம் இருந்தால்தான் ஒவ்வொரு மூச்சும் ஒரே மாதிரி வரும். நடு வேகத்தில் நல்ல இழுவை வர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் டப்பாவின் அளவையும் குழாயின் நீளத்தையும் வைக்கிறார்கள். அதைக் கழற்றினால் மேல் ஆர்பிஎம்மில் லேசாக ஏதாவது கிடைக்கலாம், நாம் தினமும் ஓட்டுகிற வேகத்தில் குறையும். சத்தம் கூடுவதால் வேகமும் கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அப்புறம் பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றை மட்டும் கூட்டிவிட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற துளையான மெயின் ஜெட்டை அப்படியே விட்டால், அரிசியைக் கூட்டாமல் உலைத் தண்ணீரை மட்டும் கூட்டியது மாதிரி. திராட்டிலை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும், இஞ்சின் சூடேறும், கொஞ்ச நாளில் பிஸ்டனுக்கே வந்து நிற்கும். ஆகவே கம்பெனி ஃபில்டரையே புதிதாக வாங்கிப் போடுங்கள், நீங்கள் ஓடுகிற ரோட்டுக்கு, கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுங்கள்.

என் கார் பிஎஸ்-6 பெட்ரோல். குளிர்ந்த காற்று நேராக இஞ்சினுக்குப் போகிற மாதிரி முன் பம்பருக்குக் கீழே குழாய் இறக்கித் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். எதிர்க்காற்றே உள்ளே தள்ளும், பவர் கூடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி ஜங்ஷன்

குளிர்ந்த காற்று நல்லது என்பது உண்மை. 30 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரி காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைவு, பவரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். ஆனால் பெரும்பாலான கார்களில் கம்பெனியே ரேடியேட்டருக்கு மேலே, வெளிக் காற்று படுகிற இடத்தில்தான் குழாய் வாயை வைத்திருக்கிறது. சர்வீஸுக்கு விட்டு வந்த வண்டிகளில் அந்தக் குழாய் கழன்று இஞ்சின் சூட்டையே இழுத்துக்கொண்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதைச் சரியாகப் பொருத்துங்கள், செலவே இல்லாமல் குளிர்ந்த காற்று வந்துவிடும்.

எதிர்க்காற்று தள்ளும் என்பதை நம்பாதீங்க. மணிக்கு 100 கிலோமீட்டரில் போனாலும் அது தருகிற கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட வராது.

நான் பயப்படுவது தண்ணீரை நினைத்துத்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நீங்கள் ஜங்ஷனிலேயே பார்த்திருப்பீர்கள். பம்பருக்குக் கீழே வாய் வைத்த குழாய் முட்டளவு தண்ணீரிலேயே குடித்துவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும், இஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டிவரும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது, தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.

வாரன்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயை மாற்றினால் அதைக் காட்டியே கம்பெனி கையை விரிக்கலாம்.

டிராக்டரில் வைக்கோல் கட்டும் மிஷின் ஓட்டுகிறேன். அறுப்பு நேரத்தில் தூசு தாங்க முடியவில்லை, புகை கருப்பாக வருகிறது. ஆயில் உள்ள ஏர் கிளீனர்தான்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஐயா, கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. அறுப்பு முடிகிறவரை தினமும் காலையில் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், எண்ணெய் கூழாகி அடியில் சேறு தங்கியிருந்தால் கொட்டிக் கழுவிப் புது ஆயில் விடுங்கள். கோட்டளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. கூடினால் இஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, நாம் நிறுத்தினாலும் நிற்காமல் ஓட வாய்ப்பு உண்டு. மேலே இருக்கும் முன்வடிகட்டிக் கிண்ணத்தில் சேரும் உமியையும் தட்டிவிடுங்கள், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்கூட்டர் ஃபில்டரை மெக்கானிக் ஏர் அடித்தே சுத்தம் செய்து மாட்டிவிடுகிறார். சரியா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

தொட்டால் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டுகிற காகித ஃபில்டர் என்றால் ஏர் அடிக்கவே கூடாது டீச்சர். தூசைப் பிடிப்பதே அந்த எண்ணெய்தான், அது அழுக்கானால் மாற்றத்தான் வேண்டும். உலர்ந்த காகிதம் என்றால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே அடிக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் போகும். ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் கழுவலாம், முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆயில் தடவி மாட்ட வேண்டும். அடுத்த சர்வீஸில் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.